அமெரிக்காவில் வீடு பார்க்கும் முன்: பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் தேடுவது எப்படி, படிப்பது எப்படி

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து வீடு தேடும் குடும்பத்திடம், வந்து பத்து வருடம் ஆன யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "மேகன்ஸ் லா சைட் பாத்துட்டீங்களா?" பாலியல் குற்றவாளிகளின் பொதுப் பதிவேட்டுத் தளத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஊரில் இப்படி ஒன்று கிடையாது. இந்தியாவில் 2018-ல் தொடங்கிய பாலியல் குற்றவாளிகள் தரவுத்தளம் காவல்துறை மாதிரியான அமைப்புகளுக்கு மட்டும்தான் திறக்கும். இங்கே யார் வேண்டுமானாலும் போனில் திறந்து, தண்டனை பெற்றவரின் படத்தையும் வீட்டு முகவரியையும் பார்க்கலாம். முதல் முறை பார்ப்பவர்கள் இரண்டில் ஒரு தவறு செய்வார்கள். வரைபடத்தில் புள்ளிகளைப் பார்த்துப் பதறி நல்ல வீட்டை விட்டுவிடுவார்கள். அல்லது புள்ளியே இல்லை என்று நிம்மதியாக லீஸில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அந்தப் பக்கத்தில் என்ன வரும், என்ன வராது என்று தெரிந்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

பதிவேடு யார் கையில் இருக்கிறது

நாடு முழுவதற்கும் ஒரே பொதுப் பதிவேடு இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. வாஷிங்டன் டி.சி., போர்ட்டோ ரிக்கோ போன்ற ஆட்சிப் பகுதிகள், பல பூர்வகுடி அரசுகள் ஆகியவற்றுக்கும் தனித்தனியே உண்டு. 1994-ல் வந்த மத்தியச் சட்டம் மாநிலங்களைப் பதிவேடு தொடங்க வைத்தது. 1996-ல் வந்த மேகன் சட்டம் அந்தத் தகவலைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடச் சொன்னது. 2006-ல் வந்த ஆடம் வால்ஷ் சட்டம் குறைந்தபட்ச விதிகளை வகுத்தது. அந்த விதிகளைச் சுருக்கமாக 'சோர்னா' என்பார்கள். கலிஃபோர்னியா இவற்றுக்கெல்லாம் முன்பே, 1947-லேயே, பதிவைத் தொடங்கிவிட்டது.

சோர்னா குறைந்தபட்ச விதி மட்டும்தான். அதை முழுசாக ஏற்காமல் பழைய முறையிலேயே நடக்கும் மாநிலங்கள் பல. அதனால் டெக்சஸில் இருக்கும் நண்பர் சொன்ன விதி நியூ ஜெர்சியில் செல்லாது. வேறு மாநிலத்துக்கு மாறினால் முதலில் அந்த மாநிலத்தின் விதியைப் படியுங்கள்.

பதிவு செய்வது எப்படி நடக்கிறது

பக்கத்தில் வரும் ஒவ்வொரு வரியும் இந்த நடைமுறையிலிருந்து வருவதால், இதைக் கொஞ்சம் விவரமாகத் தெரிந்துகொள்வது நல்லது.

பட்டியலில் சேர்வதற்குப் பொதுவாக நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். கைதானால் மட்டும் போதாது; வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் போதாது. சிறையில் இருப்பவர் வெளியே வருவதற்கு முன்பே பதிவு செய்யப்பட வேண்டும். சிறைத் தண்டனை இல்லாதவர், சோர்னா விதிப்படி, தண்டனை அறிவித்த 3 வேலை நாட்களுக்குள் பதிய வேண்டும். பதியும் இடம் பெரும்பாலும் உள்ளூர் போலீஸ் நிலையம் அல்லது கவுண்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஷெரிஃப் அலுவலகம். அங்கே அடையாள அட்டையையும் வண்டி விவரத்தையும் கொடுக்க வேண்டும். படம், கைரேகை, உள்ளங்கை ரேகை, டி.என்.ஏ. மாதிரி எல்லாம் எடுப்பார்கள். பெயரும் புனைபெயர்களும், வேலை செய்யும் இடம், படிக்கும் இடம், இணையத்தில் பயன்படுத்தும் பெயர்கள் என நீளமான படிவம் ஒன்று உண்டு. கடைசியில் "என் கடமைகள் எனக்கு விளக்கப்பட்டன" என்று கையெழுத்து வாங்குவார்கள். பின்னால் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாமல் போவது அந்தக் கையெழுத்தால்தான்.

ஒருவர் ஒரு மாநிலத்தில் குடியிருந்து இன்னொரு மாநிலத்தில் வேலை பார்த்தால் இரண்டு இடத்திலும் பதிய வேண்டும். வீடு, வேலை, கல்லூரி எது மாறினாலும் 3 வேலை நாட்களுக்குள் நேரில் போய்த் தெரிவிக்க வேண்டும். இது சோர்னா கணக்கு. கலிஃபோர்னியாவில் வீடு மாறினால் 5 வேலை நாள், டெக்சஸில் 7 நாள். வெளிநாட்டுப் பயணம் என்றால் 21 நாளுக்கு முன் சொல்ல வேண்டும். சிறார் மீதான குற்றத்துக்காகப் பதிவில் இருப்பவர்களின் கடவுச்சீட்டில் அதைக் குறிக்கும் வாசகம் ஒன்றை அச்சிட 2016-ல் தனிச் சட்டமே வந்தது. பதியாமல் தலைமறைவாகி மாநில எல்லை தாண்டினால் மத்தியச் சட்டப்படி 10 ஆண்டு வரை சிறை.

எவ்வளவு காலம்? சோர்னா மூன்று அடுக்காகப் பிரிக்கிறது. முதல் அடுக்குக்கு 15 ஆண்டு, வருடம் ஒரு முறை நேரில் வர வேண்டும். இரண்டாம் அடுக்குக்கு 25 ஆண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை. மூன்றாம் அடுக்கு ஆயுள் முழுக்க, மூன்று மாதத்துக்கு ஒரு முறை. கலிஃபோர்னியாவில் 2021 ஜனவரி முதல் 10 ஆண்டு, 20 ஆண்டு, ஆயுள் என்று வேறு கணக்கு. வருடாந்தரப் பதிவு பிறந்தநாளை ஒட்டி 5 வேலை நாளுக்குள். வீடில்லாமல் தெருவில் வசிப்பவர் அங்கே 30 நாளுக்கு ஒரு முறை வர வேண்டும்.

இந்த அடுக்குகளில் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. சோர்னாவின் அடுக்கு, எந்தச் சட்டப் பிரிவில் தண்டனை என்பதை வைத்து வருவது. நியூயார்க்கும் நியூ ஜெர்சியும் அந்த ஆள் மறுபடி குற்றம் செய்யும் ஆபத்து எவ்வளவு என்று மதிப்பிட்டு நிலை தருகின்றன. 'லெவல் 2' என்று ஒரு மாநிலத்தில் இருப்பதும் 'டியர் 2' (அடுக்கு 2) என்று இன்னொன்றில் இருப்பதும் ஒன்றல்ல. எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள்.

தேடும் முறை

முதலில் மத்திய நீதித் துறையின் தேசியத் தளத்தைத் திறங்கள். ட்ரூ ஷோடின் என்ற பெயரில் இருக்கும் அதன் முகவரி என்.எஸ்.ஓ.பி.டபிள்யூ டாட் கவ். இலவசம், கணக்குத் தொடங்க வேண்டாம். முடிவு காட்ட கிரெடிட் கார்டு கேட்டால் நீங்கள் வேறு ஏதோ வணிகத் தளத்துக்குப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். தேடுபொறியில் பட்டியல் என்று தேடினால் அப்படிப்பட்ட தளங்களும் வரும். பழைய நகலை வைத்துக்கொண்டு பணம் பறிப்பவர்கள் அவர்களில் உண்டு.

இந்தத் தேசியத் தளம் தகவலைத் தன்னிடம் சேமித்து வைப்பதில்லை. நீங்கள் தேடும்போது ஒவ்வொரு மாநிலத் தளத்தையும் அந்த நேரத்தில் கேட்டுப் பதிலைக் கொண்டுவந்து காட்டுகிறது. இதனால் ஒரு சிக்கல் வரும். ஏதாவது ஒரு மாநிலத்தின் தளம் அன்றைக்குப் படுத்திருந்தால் அந்த மாநிலத்தின் பதில் வராது. அப்படிப் பதில் தராத இடங்களைத் தளம் தனியாகக் காட்டும். கண்ணில் படாத அந்தச் சின்ன அறிவிப்பைப் படியுங்கள். நீங்கள் குடியேறப் போகும் மாநிலம் அதில் இருந்தால் 'முடிவு எதுவும் இல்லை' என்பதற்கு எந்த மதிப்பும் இல்லை. மறுநாள் மறுபடி பாருங்கள்.

இரண்டு வகைத் தேடல் இருக்கிறது: பெயர் வழியாக, முகவரி வழியாக. வீடு பார்ப்பவர்களுக்கு முகவரி. தெரு எண், தெருப் பெயர், நகரம், ஜிப் கோடு கொடுத்து எத்தனை மைல் சுற்றளவு என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அபார்ட்மென்ட் எண்ணைச் சேர்க்காமல் கட்டட முகவரியை மட்டும் போடுங்கள்; எண் சேர்ந்தால் சில தளங்கள் இடத்தைக் கண்டுபிடிக்கத் தடுமாறும். ஒரு மைல் என்பது 1.6 கிலோமீட்டர். மன்ஹாட்டன் மாதிரி நெரிசலான இடத்தில் அந்த வட்டத்துக்குள் பல்லாயிரம் வீடுகள் இருக்கும், புறநகரில் அதைவிட மிகக் குறைவு. புள்ளிகளின் எண்ணிக்கையை வைத்து இரண்டு ஊர்களை ஒப்பிட்டால் மக்கள்தொகையைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்து மாநிலத்தின் தளத்துக்கு நேராகப் போங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது, ஏனென்றால் தேசியத் தளத்தின் முகவரித் தேடலுக்கு எல்லா மாநிலங்களும் ஒரே மாதிரி பதில் தருவதில்லை. கலிஃபோர்னியாவுக்கு மாநில நீதித் துறையின் மேகன்ஸ் லா தளம், டெக்சஸுக்கு பொதுப் பாதுகாப்புத் துறை, ஃப்ளோரிடாவுக்கு எஃப்.டி.எல்.இ. என்ற மாநிலச் சட்ட அமலாக்கத் துறை. மாநில எல்லைக்குப் பக்கத்தில் வீடு என்றால், உதாரணமாக ஜெர்சி சிட்டி, அக்கரை மாநிலமான நியூயார்க்கின் தளத்தையும் பாருங்கள்.

வீட்டை மட்டும் தேடிவிட்டு நிறுத்துகிறார்கள். குழந்தை நாளில் பாதி நேரம் இருக்கும் இடங்களையும் போட்டுப் பாருங்கள்: பள்ளி, பேருந்து நிற்கும் முனை, டே கேர், பாட்டு வகுப்பு நடக்கும் வீடு.

பெயர் வழித் தேடலில் நம்மவர்களுக்கு என்று ஒரு தொல்லை உண்டு. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க ஆவணங்களில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ' (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்திருக்கும். அப்பா பெயர் முன்னால் போயிருக்கும், சொந்தப் பெயர் பின்னால் போயிருக்கும். தமிழ்ப் பெயரைத் தேடும்போது முன் பின் மாற்றி இரண்டு தடவை தேடுங்கள். கார்த்திக் என்பதை டி, எச் சேர்த்தும் எழுதுவார்கள், டி மட்டும் போட்டும் எழுதுவார்கள். சுப்பிரமணியம் எம்-மிலும் முடியும், என்-னிலும் முடியும். பல மாநிலத் தளங்களில் பெயரின் தொடக்க எழுத்துகள் சிலவற்றை மட்டும் போட்டுத் தேடலாம். எழுத்துக் குழப்பத்துக்கு அதுதான் சுலபமான வழி.

பக்கத்தைப் படிப்பது

ஒரு பெயரைச் சொடுக்கினால் படம், பிறந்த ஆண்டு அல்லது தேதி, உயரம், எடை, தழும்பு, பச்சை குத்தியது, முகவரி, சில இடங்களில் வண்டி விவரம், தண்டனைப் பிரிவு, நிலை என்று வரும். முதலில் படம் எடுத்த தேதியைத் தேடுங்கள். படமே பல வருடம் பழையதாக இருக்கலாம்.

அடுத்து முகவரி. எல்லா இடத்திலும் கதவு எண் வராது. வாஷிங்டன் மாநிலத்தில் தெருவும் அதன் நூறு வரிசை எண்ணும்தான் வரும். அதாவது 1247-ஆம் எண் வீடு '1200 பிளாக்' என்று காட்டப்படும். கலிஃபோர்னியாவில் சிலருக்கு முழு முகவரி, சிலருக்கு ஜிப் கோடு மட்டும். ஜிப் கோடு மட்டும் இருப்பவர் வரைபடத்தில் புள்ளியாக விழமாட்டார். வட்டத் தேடலை முடித்த கையோடு ஜிப் கோடு வாரியாகவும் ஒரு தடவை தேடுவது இதற்காகத்தான்.

தண்டனைப் பிரிவு பெரும்பாலும் வெறும் சட்ட எண்ணாகவோ மொட்டையான சட்டச் சொல்லாகவோ இருக்கும். கலிஃபோர்னியாவில் '288(ஏ)' என்று பார்த்தால் அது 14 வயதுக்குக் குறைந்த குழந்தை மீதான பாலியல் செயல். அந்த எண்ணை மாநிலத் தண்டனைச் சட்டத்தில் தேடினால் முழு வாசகம் கிடைக்கும். ஐந்து நிமிட வேலை. அதைப் படிக்காமல் பட்டியலில் இருக்கிற எல்லோரையும் ஒரே தராசில் வைப்பதுதான் பதிவேட்டைப் பார்ப்பவர்கள் செய்யும் பெரிய பிழை. தண்டனை பெற்ற ஆண்டையும் அப்போது அவருக்கு என்ன வயது என்பதையும் கணக்குப் போடுங்கள். 1988-ல் பத்தொன்பது வயதில் தண்டனை பெற்று, பிறகு எதிலும் சிக்காதவரும், போன வருடம் வெளியே வந்தவரும் அதே அளவு கட்டத்தில்தான் காட்டப்படுவார்கள்.

நிலை என்ற இடத்தில் வரும் சொற்கள் முக்கியம். 'கம்ப்ளையண்ட்' என்றால் பதிவு விதிகளை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்; ஆள் நல்லவர் என்ற சான்றிதழ் அல்ல. 'இன்கார்சரேட்டட்' என்றால் உள்ளே இருக்கிறார். வரைபடத்தில் விழும் புள்ளி சிறைச்சாலையாக இருக்கலாம். 'டிரான்சியண்ட்' என்றால் நிலையான வீடு இல்லை. 'அப்ஸ்காண்டட்' என்றால் எங்கே இருக்கிறார் என்று அதிகாரிகளுக்கே தெரியவில்லை, காட்டும் முகவரி பழையது. மாநிலத்தை விட்டுப் போன பிறகும் பெயரை எடுக்காத மாநிலங்கள் உண்டு, ஃப்ளோரிடா அதில் ஒன்று. ஆகவே பெயர் இருக்கிறது என்பதாலேயே ஆள் அந்தத் தெருவில் இருக்கிறார் என்று முடிவு கட்ட முடியாது.

பக்கத்தில் வராதவர்கள்

இது நீளமான பட்டியல். நியூயார்க்கில் பொதுத் தளத்தில் இரண்டாம், மூன்றாம் நிலைக்காரர்கள் மட்டும்தான். முதல் நிலைக்காரர் பதிவில் இருப்பார், தளத்தில் இருக்க மாட்டார். பெயர் தெரிந்தால் மாநிலத்தின் கட்டணமில்லாத் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மாசசூசெட்ஸிலும் முதல் நிலை வெளியே வராது. நியூ ஜெர்சியில் குறைந்த ஆபத்து வகை இணையத்தில் வராது. நடுத்தர வகையிலும் குடும்பத்துக்குள் நடந்த குற்றம் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. மின்னசோட்டாவில் மூன்றாம் நிலைதான் பிரதானமாகப் பொதுவில் தெரியும். வழக்கு நிலுவையில் இருப்பவர், பேரம் பேசி வேறு பிரிவில் தண்டனை வாங்கியவர், சிறுவராக இருந்தபோது தண்டனை பெற்றவர்களில் பெரும்பாலோர், பதிவுக் காலம் முடிந்தவர் யாரும் வர மாட்டார்கள். பாதிக்கப்பட்டவரின் அடையாளம் எங்கேயும் வராது, வரக் கூடாது.

புகார் கொடுக்கப்படாத குற்றம் இதற்கெல்லாம் முன்பே காணாமல் போய்விடுகிறது. குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையில் சுமார் 90 சதவீதம் குழந்தைக்கோ குடும்பத்துக்கோ தெரிந்தவரால்தான் நடக்கிறது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. அந்தத் தெரிந்தவர் மாமாவாக இருக்கலாம், டியூஷன் மாஸ்டராக இருக்கலாம், வார இறுதியில் குடும்பத்தோடு வந்து போகும் நண்பராக இருக்கலாம். வரைபடத்துக்குச் செலவழிக்கும் ஒரு மணி நேரத்தில் பாதியையாவது, "யாராவது ரகசியம்னு சொல்லித் தொட்டா உடனே எங்ககிட்ட சொல்லு, உன்னைத் திட்ட மாட்டோம்" என்று குழந்தையிடம் பேச ஒதுக்குங்கள்.

ஆளை அமர்த்தும்போது

வீட்டுக்கு வரும் பேபி சிட்டரை நீங்கள்தான் பார்க்க வேண்டும். அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள எழுத்துப்படி தேசியத் தளத்தில் தேடுங்கள். அவர் முன்பு இருந்த மாநிலங்களையும் கேளுங்கள். கவுண்ட்டி நீதிமன்றத்தின் வழக்குத் தேடலையும் பாருங்கள்; நிலுவை வழக்கு அங்கேதான் தெரியும். உரிமம் பெற்ற டே கேர் என்றால் 2014 சட்டப்படி ஊழியர்களுக்குக் கைரேகை, மாநிலப் பதிவேடு, எஃப்.பி.ஐ. வைத்திருக்கும் தேசியப் பதிவேடு எல்லாம் சரிபார்க்கப்பட வேண்டும், 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கவும் வேண்டும். "பேக்கிரவுண்ட் செக் கடைசியாக எப்போது செய்தீர்கள்?" என்று இயக்குநரிடம் கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை, அவர்களுக்குப் பழகிய கேள்வி. உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் விஷயத்தில் இந்தப் பாதுகாப்பு எதையும் எதிர்பார்க்க முடியாது.

மாணவர்களாக வந்தவர்களுக்கு: பதிவில் இருப்பவர் கல்லூரியில் படித்தாலோ வேலை பார்த்தாலோ அதையும் பதிய வேண்டும். அந்தத் தகவல் எங்கே கிடைக்கும் என்பதைக் கல்லூரியின் வருடாந்தரப் பாதுகாப்பு அறிக்கையில் சொல்லியாக வேண்டும். வீடு பார்த்துத் தரும் முகவரான ரியல்டரிடம் "இந்தத் தெருவில் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டால் பொதுவாகப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வார். கலிஃபோர்னியாவில் வாடகை ஒப்பந்தத்திலேயே அந்தத் தளத்தைப் பற்றிய பத்தி ஒன்று இருக்க வேண்டும். பலர் படிக்காமல் இனிஷியல் போட்டுவிடுவார்கள்.

செய்யக் கூடாதது

பக்கத்து வீட்டுக்காரர் பட்டியலில் இருக்கிறார் என்று தெரிந்ததும் அபார்ட்மென்ட் வாட்ஸாப் குழுவில் ஸ்க்ரீன்ஷாட் போடத் தோன்றும். வேண்டாம். தகவல் பொதுவானது என்றாலும், அதை வைத்து மிரட்டுவதும் துன்புறுத்துவதும் குற்றம். பல தளங்கள் தொடக்கத்திலேயே இதைச் சொல்லி உங்கள் ஒப்புதலை வாங்குகின்றன. கலிஃபோர்னியாவில், ஆபத்தில் இருக்கும் ஒருவரைக் காப்பாற்றுவதற்காக அல்லாமல், வேலை, வீடு, கடன், காப்பீடு மறுக்க அந்தத் தளத் தகவலைப் பயன்படுத்தவும் தடை உண்டு. அங்கே பதிவில் இருக்கும் நபரே அந்தத் தளத்துக்குள் நுழைவதும் குற்றம், 1,000 டாலர் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. அதோடு ஒரே பெயருள்ள வேறு ஆளாக இருந்தால், ஒரு குடும்பத்தின் பெயரைக் கெடுத்த பாவம் உங்களுடையது. பெயர், பிறந்த தேதி, படம் மூன்றும் பொருந்தும் வரை அது பொருத்தமே அல்ல.

காட்டும் முகவரியில் அவர் இல்லை, வேறு வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்தால் நீங்களே போய்க் கேட்க வேண்டாம். அந்தப் பக்கத்திலேயே தகவல் கொடுக்கும் இணைப்பு பெரும்பாலும் இருக்கும். இல்லாவிட்டால் ஷெரிஃப் அலுவலகத்தின் பதிவுப் பிரிவை அவசரமில்லாத எண்ணில் அழையுங்கள். குழந்தைக்கு ஏதோ நடந்திருக்கிறது என்ற சந்தேகம் என்றால் சைல்ட்ஹெல்ப் எண் 1-800-422-4453. இப்போதே ஆபத்து என்றால் 911. ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் எடுத்தவுடன் "தமிழ் இன்டர்பிரெட்டர்" என்று கேளுங்கள்.

குடும்பத்தை வரவழைக்க ஐ-130 மனு போடப் போகிறவர்களுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. சிறார் மீதான குறிப்பிட்ட குற்றங்களில் தண்டனை பெற்றவர் மனைவியையோ பெற்றோரையோ அழைக்க 2006 சட்டம் தடை போடுகிறது. அந்த மனிதரால் குடும்பத்தினருக்கு ஆபத்து இல்லை என்று குடிவரவுத் துறை தன் விருப்புரிமையில் ஒப்புக்கொண்டால் மட்டுமே விலக்கு. ஊரிலிருந்து பெண்ணுக்கு அமெரிக்க மாப்பிள்ளை பார்க்கும் வீட்டார், ஜாதகத்தோடு இந்தத் தேசியத் தளத்தையும் ஒரு தடவை பார்த்துவிடலாம்.

வீடு முடிவானதும் மாநிலத் தளத்திலோ ஷெரிஃப் அலுவலகத் தளத்திலோ மின்னஞ்சல் அறிவிப்புக்குப் பதிந்துகொள்ளுங்கள். பல மாநிலங்களில் இந்த வசதி உண்டு. கொடுத்த முகவரியைச் சுற்றி யாராவது புதிதாகப் பதிந்தால் அஞ்சல் வரும். வீடு மாறும்போது அந்த முகவரியை மாற்ற மறந்துவிட்டால், இரண்டு வருடம் கழித்தும் பழைய தெருவின் அறிவிப்புதான் வந்துகொண்டிருக்கும். மின்கட்டணம், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றுக்கு முகவரி மாற்றும் அதே நாளில் இதையும் மாற்றிவிடுங்கள்.